எதிரியின் பீரங்கியை எதைக் கொண்டு தேடுவது: ஒலியா, வெளிச்சமா, ரேடாரா, ட்ரோனா?

2023 மார்ச் மாதம் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பன்னிரண்டு ‘ஸ்வாதி’ ரேடார்களை வாங்க 990 கோடி ரூபாய்க்கும் அதிகமான மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. சமவெளிப் பகுதிக்கென்று வடிவமைக்கப்பட்ட இந்த ரேடார், எதிரி ஏவிய எறிகணையை வானத்திலேயே கண்டு, அது எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும். அதே காலத்தில் உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்த காணொளிகளோ, கடையில் வாங்கக்கூடிய சிறிய ட்ரோன் ஒன்று மரநிழலில் மறைந்திருக்கும் பீரங்கியைக் கண்டுபிடிப்பதையும், சில நிமிடங்களில் அந்த இடம் புகையாவதையும் காட்டின. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பாதுகாப்பியல் மாணவர்களும் ஆர்வமுள்ள வாசகர்களும் கேட்கும் கேள்வி நியாயமானது: சில ஆயிரம் டாலர் ட்ரோன் செய்யும் வேலைக்கு நூறு கோடிக் கணக்கில் ரேடார் எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், போட்டியில் இரண்டு பேர் அல்ல, நான்கு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போரில் பிறந்த ஒலிவழித் தேடலும், அதன் உடன்பிறப்பான வெளிச்சவழித் தேடலும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ரேடாரையும் ட்ரோனையும் மட்டும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள் என்பது என் கருத்து.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் நேரம். 20 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏவப்படும் எறிகணை வானில் ஏறத்தாழ ஒரு நிமிடம் பயணம் செய்கிறது. பிரான்ஸின் ‘சீசர்’ போன்ற லாரிப் பீரங்கியோ சில குண்டுகளைச் சுட்டுவிட்டு ஒரு நிமிடத்துக்குள் இடத்தைக் காலி செய்துவிடும். ஆகவே எதிரி சுட்ட கணத்திலிருந்து நமது பதிலடி போய் விழும் வரையிலான மொத்த நேரத்தில், நமது எறிகணையின் பயணத்துக்கான அந்த ஒரு நிமிடத்தை யாராலும் குறைக்க முடியாது. கண்டுபிடிப்பதற்கும் முடிவெடுப்பதற்கும் மிஞ்சுவது சொற்ப நேரமே.

இரண்டாவது துல்லியம். 200 மீட்டர் பிழையோடு சொல்லப்படும் இடம் ஒரு எச்சரிக்கைக்குப் பயன்படும், பதிலடிக்குப் பயன்படாது. மூன்றாவது, தேடுபவர் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் தேட முடியுமா என்பது. நான்காவது, மழை, மூடுபனி, காற்று, மலை ஆகியவற்றில் அந்த முறை தாங்குமா என்பது. ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அந்த முறை ஒரு புள்ளியை மட்டும் சொல்கிறதா, அல்லது அங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறதா? எந்த இலக்கை முதலில் தாக்குவது, எதைத் தாக்கவே கூடாது என்ற முடிவு இந்த ஐந்தாவதைப் பொறுத்தே அமைகிறது.

விலையை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. வாங்கும் விலை எளிதில் தெரிந்துவிடும். அதற்குப் பின்னால் வரும் செலவுதான் மறைந்திருப்பது என்பதால், அதை ஒவ்வொரு முறையின் கீழும் சொல்கிறேன்.

## ஒலி

திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது தொலைவில் நிற்பவருக்கு வெளிச்சம் முதலில் தெரிந்து, ஓசை பிறகு வந்து சேருகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. இந்த மெதுவான நடையே ஒலிவழித் தேடலின் அடிப்படை. போர்முனைக்குப் பின்னால் ஒரு வளைகோட்டில் ஆறு மைக்ரோஃபோன்களை வைத்தால், ஒரே பீரங்கியின் ஓசை ஆறிடத்துக்கும் ஆறு வெவ்வேறு கணங்களில் வந்து சேரும். அடுத்தடுத்த இரண்டு மைக்ரோஃபோன்களுக்கு இடையிலான நேர வித்தியாசம் வரைபடத்தில் ஒரு கோட்டைத் தரும். அப்படிக் கிடைக்கும் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பீரங்கி இருக்கும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இதைச் செயலுக்குக் கொண்டுவந்தவர், 1915இல் தம் 25ஆம் வயதில் தந்தையுடன் சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் லாரன்ஸ் பிராக். பாரிஸில் லூசியன் புல் உருவாக்கிய கருவி, மைக்ரோஃபோன்களின் மின்துடிப்புகளைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தது. தொடக்கத்தில் இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை. ஒலியைவிட வேகமாகப் பாயும் எறிகணை எழுப்பும் கூர்மையான வெடிப்போசையைக் கரி மைக்ரோஃபோன்கள் நன்றாகக் கேட்டன. பீரங்கிக் குழாயிலிருந்து வரும், காதுக்கே சரியாகக் கேட்காத கனத்த தாழ்ந்த அதிர்வைத் தவறவிட்டன. தேவைப்பட்டதோ அந்த இரண்டாவது ஓசை. 1916இல் வில்லியம் டக்கர் என்ற இயற்பியலாளர் இதற்கு வழி கண்டார். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை ஒரு பெட்டியின் துளைக்கு முன்னால் வைத்தார். தாழ்ந்த அதிர்வு துளை வழியாக மெல்லிய காற்றோட்டமாக நுழைந்து கம்பியைக் குளிர்விக்கும், அதன் மின்தடை மாறும், பதிவு விழும். கூர்மையான வெடிப்போசை அந்தக் கம்பியை ஏறக்குறைய அசைப்பதே இல்லை. போரின் போக்கை மாற்றிய கருவிகளின் பட்டியலில் இந்தச் சூட்டுக்கம்பிக்கு இடம் தராத வரலாறுகள் பல உள்ளன என்பது எனக்கு வருத்தமே.

துல்லியத்தைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு போதும். 1,500 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மைக்ரோஃபோன்களில் நேரத்தை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு தவறாகப் படித்தால், 10 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 23 மீட்டர் பிழையாக மாறும். நல்ல வானிலையில் 25 முதல் 50 மீட்டருக்குள் இடம் சொல்ல முடிந்தது என்பதை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம்.

ஆனால் ‘நல்ல வானிலை’ என்ற நிபந்தனைதான் இந்த முறையின் பெரிய பலவீனம். மார்கழி அதிகாலையில் பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி வாசலில் வைத்ததுபோலக் கேட்பதையும், நண்பகலில் அதே ஒலி கேட்காமலே போவதையும் நாம் அறிவோம். காற்றும் வெப்பநிலையும் ஒலியை வளைக்கின்றன. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசியது. ஜெர்மன் பீரங்கிகள் கிழக்கில் இருந்ததால், எதிர்க்காற்றில் வந்த ஒலி மேல்நோக்கி வளைந்து பிரிட்டிஷ் மைக்ரோஃபோன்களுக்கு எட்டாமல் போனது. வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் மாறிவிடும் என்பதால், வானிலைத் தகவல் இல்லாத ஒலிவழித் தேடல் வெறும் ஊகமாகவே இருக்கும். மாறாக, காற்றற்ற மூடுபனி நாள் இதற்குப் பொன்னான நாள். மற்ற மூன்று முறைகளில் கண்ணையும் கேமராவையும் நம்பும் இரண்டும் கைவிடும் அதே நாளில் இது மிகச் சிறப்பாக வேலை செய்யும்.

மறைந்திருக்கும் செலவு மனித உழைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மைக்ரோஃபோனின் இடத்தையும் நில அளவையாளர் துல்லியமாக அளந்து குறிக்க வேண்டும். எறிகணைகள் அறுத்துப்போடும் தொலைபேசிக் கம்பிகளை ஆட்கள் இரவும் பகலும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய கருவிகள் கம்பியையும் திரைப்படச் சுருளையும் ஒழித்துவிட்டாலும், நிலத்தில் பரப்பி வைப்பதற்கு நேரமும் ஆட்களும் இன்றும் தேவை. வேகமாக முன்னேறும் படைக்கு இது ஒத்துவராது. இன்னொரு குறை, பல பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கும்போது ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது. ஜெர்மானியர் இதை அறிந்து, களம் அமைதியாக இருக்கும்போது ஒற்றை பேட்டரி (சில பீரங்கிகள் கொண்ட குழு) தனியாகச் சுடக் கூடாது என்று தம் வீரர்களுக்கு உத்தரவிட்டார்கள்.

## வெளிச்சம்

பீரங்கி சுடும்போது வாயிலிருந்து பாயும் தீயை மூன்று நான்கு கண்காணிப்பு நிலைகளிலிருந்து பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் திசைக்கோணத்தை அளந்தால் போதும், இடம் கிடைத்துவிடும். நால்வரும் ஒரே பீரங்கியின் தீயைத்தான் பார்க்கிறார்களா என்பதே சிக்கல். கனடாவைச் சேர்ந்த ஹரால்ட் ஹெம்மிங் இதற்கு எளிய தீர்வு கண்டார். தீயைக் கண்டதும் ஒவ்வொருவரும் ஒரு விசையை அழுத்துவார்கள், தலைமை நிலையத்துப் பலகையில் எல்லா விளக்குகளும் ஒரே கணத்தில் எரிந்தால் அது ஒரே பீரங்கி.

செலவு குறைவு, காற்று பாதிப்பதில்லை, தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. ஆனால் மூடுபனியில் பயனில்லை, குன்றுக்குப் பின்னால் இருக்கும் பீரங்கி தெரியாது, தீயைக் குறைக்கும் வெடிமருந்துகள் வந்த பிறகு பயன் இன்னும் சுருங்கிவிட்டது. இன்று இது தனித்து நிற்கும் முறையாக இல்லை. ரஷ்யாவின் ‘பெனிசிலின்’ கருவி உயரமான கம்பத்தில் வைத்த வெப்பக் கேமராவையும் நிலத்தில் பரப்பிய ஒலி உணரிகளையும் இணைத்து, 25 கிலோமீட்டர் வரை தேடுவதாகச் சொல்லப்படுகிறது. பிராக்கும் ஹெம்மிங்கும் தனித்தனியாகச் செய்ததை ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

## ரேடார்

ரேடார் பீரங்கியைத் தேடுவதில்லை, எறிகணையைத் தேடுகிறது. மேலெழும் எறிகணையைச் சில விநாடிகள் பின்தொடர்ந்து, அதன் வளைபாதையைப் பின்னோக்கி நீட்டி, தரையைத் தொடும் புள்ளியைக் கணக்கிடுகிறது. முன்னோக்கி நீட்டினால் எங்கே விழும் என்பதும் தெரிந்துவிடுவதால், நமது வீரர்களை எச்சரிக்கவும் முடியும். வேறு எந்த முறையாலும் இந்த இரண்டாவது உதவியைச் செய்ய முடியாது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுடும் பீரங்கியின் ஓசை வந்து சேர அரை நிமிடம் ஆகும், அதற்குள் பெரும்பாலும் எறிகணை விழுந்து வெடித்திருக்கும். ரேடாரோ எறிகணை விழுவதற்கு முன்பே இடத்தைச் சொல்லிவிடும்.

இதன் அருமையை இந்தியா 1999இல் கார்கிலில் கற்றது. அந்தப் போரில் இந்தியப் பீரங்கிப் படை சுமார் 2,50,000 எறிகணைகளையும் ராக்கெட்டுகளையும் ஏவியது. பாகிஸ்தானிடம் அமெரிக்காவில் செய்த பீரங்கி தேடும் ரேடார்கள் இருந்தன, இந்தியாவிடம் அத்தகைய நவீன ரேடார் இல்லை. 2002இல் அமெரிக்காவிடமிருந்து வாங்க ஒப்பந்தம் ஆனது. இதே காலத்தில் உள்நாட்டில் தொடங்கிய முயற்சியே ஸ்வாதியாக முடிந்தது. பீரங்கிகளை 30 கிலோமீட்டர் வரையிலும், ராக்கெட்டுகளை 40 கிலோமீட்டர் வரையிலும் அது கண்டுபிடிக்கும்.

ரேடாரின் முதல் மறைசெலவு அது கூவிக்கொண்டே தேடுவதுதான். அது அனுப்பும் அலைகளை எதிரி கேட்டு, ரேடார் இருக்கும் இடத்தையே கண்டுபிடிக்க முடியும். ஆகவே அதை எப்போதும் இயக்கி வைக்க முடியாது, சிறிது நேரம் இயக்கி, அணைத்து, இடம் மாற்ற வேண்டும். அணைந்திருக்கும் நேரத்தில் எதிரி சுட்டால், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு எதுவும் தெரியாது. உக்ரைனில் இரு தரப்பின் ரேடார்களும் ட்ரோன்களால் தேடி அழிக்கப்பட்டன. ஒரு ரேடாரோடு ஜெனரேட்டர், பராமரிப்புக் குழு, காவல், மாற்று நிலைகளுக்கான சாலை எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. ரேடார் ஒரு புள்ளியை மட்டுமே தருகிறது, அந்தப் புள்ளியைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. 1996 ஏப்ரல் 18 அன்று தெற்கு லெபனானின் கானா கிராமத்தில், ஐ.நா. அமைதிப்படை வளாகத்துக்கு அருகிலிருந்து மோர்ட்டார் சுடப்பட்டதற்குப் பதிலடியாக இஸ்ரேலியப் பீரங்கிகள் சுட்டன. அந்த வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று இஸ்ரேல் கூறியது, பெரிய தொழில்நுட்பத் தவறாக இருக்க வாய்ப்பில்லை என்று ஐ.நா. விசாரணை அறிக்கை கூறியது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், சுட்ட இடம் தெரிவதும் சுடலாம் என்று முடிவு செய்வதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். ரேடாரின் வேகம் அந்த இரண்டாவது வேலைக்கான நேரத்தை விழுங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அதை இயக்கும் படைக்கு உண்டு.

## ட்ரோன்

இந்த இடத்தில்தான் ட்ரோன் ஈடு இணையற்றது. அது புள்ளியைக் காட்டுவதில்லை, காட்சியைக் காட்டுகிறது. பீரங்கியா, மரத்தில் செய்த பொம்மையா, பக்கத்தில் வீடு இருக்கிறதா, சுட்ட பிறகு பட்டதா இல்லையா என்பதையெல்லாம் ஒரே கண் பார்க்கிறது. பீரங்கி சுட வேண்டும் என்றும் இல்லை, சும்மா நிற்கும் பீரங்கியையும் அது கண்டுபிடிக்கும். மற்ற மூன்று முறைகளும் எதிரி வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியவை.

ஆனால் எங்கே பார்ப்பது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். 10 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ள நிலத்தை, அரை கிலோமீட்டர் அகலம் பார்க்கும் கேமராவோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ட்ரோன் துழாவினால் நான்கு மணி நேரம் ஆகும். சிறிய ட்ரோனின் பேட்டரி சுமார் அரை மணி நேரம் நிற்கும். போய்வரும் நேரத்தைக் கழிக்காமலே எட்டுப் பயணங்கள் தேவை, அதற்குள் பீரங்கி எட்டு இடம் மாறியிருக்கும். காணொளிகளில் நாம் பார்ப்பவை வெற்றி பெற்ற தேடல்கள் மட்டுமே.

விலை குறைவு என்பதும் பாதி உண்மைதான். அலைவரிசைக் குறுக்கீட்டாலும் துப்பாக்கிச் சூட்டாலும் ட்ரோன்கள் ஓயாமல் விழுகின்றன, மாற்று வாங்கும் செலவு மாதந்தோறும் தொடர்கிறது. பலத்த காற்றிலும் மழையிலும் சிறியவை பறப்பதில்லை. கார்கில் போன்ற உயரத்தில் காற்று மெலிந்து, குளிரில் பேட்டரியும் சோர்ந்து, பறக்கும் நேரம் இன்னும் குறையும். பயிற்சி பெற்ற இயக்குநரை இழப்பது எந்தக் கணக்கிலும் வராத இழப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒலி | வெளிச்சம் | ரேடார் | ட்ரோன் |
|---|---|---|---|---|
| நேரம் | ஒலி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும் | உடனடி | எறிகணை விழுமுன் | அருகில் இருந்தால் உடனடி, தேட வேண்டுமானால் மணிக்கணக்கு |
| துல்லியம் | வானிலையைப் பொறுத்தது | நன்று | மிக நன்று | மிக நன்று |
| தன்னைக் காட்டிக்கொடுப்பது | இல்லை | இல்லை | உண்டு | ஓரளவு உண்டு |
| மூடுபனி | மிகப் பொருத்தம் | பயனில்லை | பாதிப்பு குறைவு | பயன் குறைவு |
| பலத்த காற்று | மோசம் | பாதிப்பில்லை | பாதிப்பு குறைவு | மோசம் |
| சுடாத பீரங்கி | தெரியாது | தெரியாது | தெரியாது | தெரியும் |
| என்ன இருக்கிறது என்பது | பீரங்கியின் வகை ஓரளவு | இல்லை | எறிகணையின் வகை ஓரளவு | முழுமையாக |

## கண்டுபிடித்தபின் எதை முதலில் தாக்குவது?

1917 ஏப்ரல் 9 அன்று வட பிரான்ஸின் விமி மேட்டைத் தாக்குமுன், எதிரியின் பீரங்கிகளைத் தேடி அடக்கும் கனடியப் படையின் எதிர்பீரங்கிப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த பொறியாளர் ஆண்ட்ரூ மெக்நாட்டன், எல்லா வழிகளிலும் வந்த தகவல்களையும் ஒரே அலுவலகத்தில் குவித்தார். ஒலி, வெளிச்சம், விமானத்திலிருந்து எடுத்த நிழற்படம், விழுந்த எறிகணையின் துண்டுகள், கைதிகள் சொன்னவை என ஒவ்வொன்றும் மற்றொன்றோடு ஒத்துப்பார்க்கப்பட்டது. எதிரே இருந்ததாக மதிப்பிடப்பட்ட 212 ஜெர்மன் பீரங்கிகளில் 83 விழுக்காட்டின் இடம் தாக்குதலுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1918 ஆகஸ்ட் 8 அன்று அமியான் போருக்கு முன் 530 பீரங்கிகளில் 504இன் இடம் தெரிந்திருந்தது.

இந்த எண்களைவிட, தெரிந்த பிறகு செய்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்டுபிடித்த உடனே எல்லாவற்றையும் சுடவில்லை. சுட்டால் எதிரி இடம் மாற்றுவான், தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1917 நவம்பர் 20 அன்று கம்ப்ரேயில் 1,003 பீரங்கிகள் முன்னறிவிப்பாக ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமல், காலாட்படை புறப்படும் நேரத்தில் ஒன்றாகத் திறந்தன. பீரங்கியை உடைக்க வேண்டியதில்லை, நம் வீரர்கள் வெட்டவெளியைக் கடக்கும் நேரத்தில் அதன் குழுவை அடக்கி வைத்தால் போதும் என்ற தெளிவு அப்போது வந்திருந்தது.

வரிசைப்படுத்தும்போது கேட்க வேண்டியவை பெரிதாக மாறவில்லை. இது இப்போது நம் ஆட்கள்மேல் சுடுகிறதா? நமது பதிலடி விழும் வரை அங்கேயே இருக்குமா? இதைத் தாக்குவதால் நமது பீரங்கியின் இடம் வெளிப்படுவது தகுமா? பக்கத்தில் மக்கள் இருக்கிறார்களா? இரண்டு தனித்தனி வழிகளில் உறுதியான தகவலா, ஒற்றை வழியில் வந்ததா? உக்ரைனின் ‘ஜிஐஎஸ் ஆர்ட்டா’ மென்பொருள், இலக்கின் இடத்தைப் பெற்று அதற்குப் பொருத்தமான பீரங்கிக்கு அனுப்பும் வேலையைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கியது. மக்கள் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்றும் ஒரு மனிதர் விடை சொல்ல வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

## யாருக்கு எது?

பல மாதங்கள் அசையாத போர்முனையில், நிலையான எதிரிக்கு முன்னால் இருக்கும் படைக்கு ஒலியே அடித்தளம். அது இரவும் பகலும் விழித்திருக்கும், தன்னைக் காட்டிக்கொடுக்காது. வேகமாக நகரும் கவசப் படைக்கு அதைப் பரப்பி வைக்க நேரமில்லை, அங்கே வண்டியில் வரும் ரேடாரே பொருத்தம். ராஜஸ்தான், பஞ்சாப் போன்ற திறந்த சமவெளியில் சாலையும் இருக்கிறது, மாற்று நிலைகளும் இருக்கின்றன, எனவே ஸ்வாதி வாங்கியது சரியான முடிவு.

மலைப்பகுதியில் நிலைமை வேறு. கனமான லாரி ஏறக்கூடிய இடங்கள் எதிரிக்கும் தெரிந்தவை. முகடுகள் ரேடாரின் பார்வையை மறைக்கும், ஒலியை எதிரொலித்துக் குழப்பும். கார்கிலில் முகடுகளில் படுத்துக்கிடந்து தொலைநோக்கியால் பார்த்துத் திருத்தம் சொன்ன ஓ.பி. (கண்காணிப்பு நிலை) அதிகாரிகளே கண்களாக இருந்தார்கள். அங்கே எடை குறைந்த ரேடாரும், உயரத்தில் பறக்கத்தக்க ட்ரோனும், அந்த அதிகாரியும் சேர்ந்தே வேண்டும், எந்த ஒன்றும் மற்றொன்றுக்கு மாற்றாகாது. மக்கள் வாழும் ஊர்களுக்கு அருகில், ட்ரோனோ நேரடிக் கண்ணோ உறுதிப்படுத்தாத இடத்தில் பதிலடி கொடுப்பதே கூடாது, ரேடார் எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் சரி.

பணம் குறைந்த சிறிய ராணுவம் ஒன்று என்னிடம் கேட்டால், முதல் பணத்தை ஒலி உணரிகளுக்கும் வானிலைக் கருவிக்கும் ஒதுக்கச் சொல்வேன், அடுத்ததை ட்ரோன்களுக்கு. ஒலி ஏறத்தாழ இடத்தைச் சொல்ல, ட்ரோன் நூறு சதுர கிலோமீட்டரைத் துழாவாமல் நேராக அங்கே போகும். முன்பு சொன்ன நான்கு மணி நேரம் இதனால் சில நிமிடங்களாகச் சுருங்கும். ரேடார் மூன்றாவதாக வரட்டும், அதுவும் எப்போதும் இயங்குவதற்காக அல்ல, ஒலி உணரிகள் தட்டி எழுப்பும்போது மட்டும் சிறிது நேரம் கண் திறப்பதற்காக.

எந்த வரிசையில் வாங்கினாலும், நான்கு வழிகளிலும் வருவதைப் பெற்று ஒத்துப்பார்க்கும் மெக்நாட்டனின் அலுவலகம் போன்ற ஒன்றுக்கு, முதல் நாளிலிருந்தே ஆட்களையும் வரைபடங்களையும் ஒதுக்கி வைக்க வேண்டும். இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையில் கண்காணிப்புக்கும் இலக்கு கண்டறிவதற்கும் உள்ள சாட்டா ரெஜிமென்ட்கள் செய்யும் வேலை இதுவே. ஒப்பந்தச் செய்திகளில் ரேடாரின் பெயர் வருகிறது, இவர்களின் பெயர் வருவதில்லை. 990 கோடி பற்றிக் கேட்கும் மாணவர்கள், அந்தப் பன்னிரண்டு ரேடார்களுக்குப் பின்னால் எத்தனை பேர் பயிற்சி பெற்று அமர்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.